கர்ப்பகாலத்தில் திடீரென்று பார்வை மங்கினால் செய்ய வேண்டியவை

கர்ப்பம் ஐந்து மாதத்தைத் தாண்டிய பெண்ணுக்குத் திடீரென்று பார்வை மங்கினாலோ, கண் முன்னே மின்னல் வெட்டுவதுபோல் இருந்தாலோ, பார்க்கும் பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, முதல் வேலையாக ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். கண் மருத்துவமனையும் கண்ணாடிக் கடையும் அதற்குப் பிறகுதான். கண்ணில் தெரிகிற கோளாறு கண்ணில்தான் தொடங்கியிருக்கும் என்று நினைத்து அலைகிற சில மணி நேரத்தில் தாயின் உடல்நிலை கைமீறிப் போய்விடக்கூடும் என்பதால்தான் இந்த வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம் எளிமையானது. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் வெளியேறத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதை ப்ரீஎக்லாம்ப்சியா என்கிறார்கள். முன்சூல்வலிப்பு என்று தமிழில் எழுதுவதுண்டு. இது முற்றி வலிப்பு வந்துவிட்டால் அதைத்தான் நம் ஊர்ப் பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று சொல்வார்கள். இந்த நோயில் உடலெங்கும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. விழித்திரையில் உள்ள குழாய்கள் இறுகினால் பார்வை மங்கும். மூளையின் பின்பகுதியில், பார்வையை உணரும் இடத்தில் நீர்கோத்துக்கொண்டால், கண் நன்றாக இருக்கும்போதே பார்வை முற்றிலும் போய்விடவும் கூடும். ஆகவே இங்கே பார்வை மங்குவது என்பது கண்ணின் வழியாக மூளையும் ரத்தக் குழாய்களும் அனுப்புகிற முன்னறிவிப்பு.

முதல் ஐந்து நிமிடம்

பார்வையில் மாற்றம் தெரிந்தவுடன் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைக்கச் சொல்லுங்கள். எழுந்து போய் நீங்களே அணைக்க வேண்டாம். உட்கார்ந்தபின் மணியைப் பாருங்கள், அல்லது வீட்டில் உள்ளவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதுதான் மருத்துவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.

பிறகு, சுவரில் மாட்டியிருக்கும் தேதி கிழிக்கும் காலண்டரை எட்டடி தள்ளி அமர்ந்து பாருங்கள். கண்ணாடி அணிபவரானால் அணிந்துகொண்டே பாருங்கள். உள்ளங்கையைக் குழித்து, விழியை அழுத்தாமல், இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பெரிய எழுத்தில் உள்ள தேதியைப் படியுங்கள். கீழே சின்ன எழுத்தில் ராகு காலம், எமகண்டம் என்று போட்டிருப்பதும் வழக்கம்போல் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் மங்கலா, இரண்டிலுமா என்பது இதில் தெரிந்துவிடும். இரண்டு கண்களும் சேர்ந்து மங்கினால் ரத்த அழுத்தம் அல்லது மூளை சார்ந்த காரணத்தை முதலில் சந்தேகிக்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் என்றால் விழித்திரை, பார்வை நரம்பு ஆகியவற்றின் பக்கம் மருத்துவரின் கவனம் திரும்புகிறது. ஆனால் இது மருத்துவருக்கு உதவும் குறிப்பு மட்டுமே. ஒரு கண்தானே என்று நீங்களே முடிவு கட்டி ரத்த அழுத்தம் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

அப்படியே சன்னல் கம்பிகளையும் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். நேரான கம்பி நடுவில் வளைந்தோ நெளிந்தோ தெரிந்தால் விழித்திரையின் மையத்தில் நீர் கட்டியிருக்கலாம். காலண்டரில் ஒரு பாதி மட்டும் காணாமல் போயிருந்தால், அல்லது நடுவில் கரும்புள்ளி ஒன்று எழுத்தை மறைத்தால், அதையும் தாய் சேய் நல அட்டையின் பின்பக்கத்திலோ ஒரு துண்டுக் காகிதத்திலோ எழுதிவையுங்கள். இதற்கெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது; ஆகவும் கூடாது. கடுமையான தலைவலியோ வாந்தியோ கூடவே இருந்தால் இந்தச் சோதனையையே விட்டுவிட்டு நேராக 108-ஐ அழையுங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் முறை

வீட்டில் மாமனாருக்கோ மாமியாருக்கோ வாங்கிவைத்த கருவி இருந்தால் அது போதும். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் நாற்காலியில் உட்கார வேண்டும். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் கழித்துவிட்டு வாருங்கள். ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தால் அதைச் சுருட்டி மேலே தள்ளி, அதற்குக் கீழே பட்டையைக் கட்டினால் அளவு தவறிவிடும். தளர்ந்த உடைக்கு மாறி, வெறுங்கையில் கட்டுவதே சரி. கை மேசைமேல், நெஞ்சுக்கு நேராக இருக்கட்டும். அளவு எடுக்கும்போது பேசக் கூடாது. இன்னொன்று: பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும், ஒல்லியான கைக்குப் பெரிய பட்டை குறைத்துக் காட்டும். இந்தச் சின்ன விஷயத்தைப் பல வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை.

மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இரண்டில் ஏதாவது ஒன்று தொட்டிருந்தாலும், பார்வைக் கோளாறும் சேர்ந்திருக்கும் நிலையில் அன்றைக்கே, அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110 என்றால் அது உயிருக்கே ஆபத்தான அவசரம். அந்த அளவு கால் மணி நேரம் நீடித்தாலே மருத்துவமனையில் உடனடியாக மருந்து கொடுத்து இறக்குவார்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் கடை கடையாகத் தேடிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கருவி 130/80 என்று காட்டியதால் மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. கர்ப்பத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலான பெண்களுக்கு ரத்த அழுத்தம் வழக்கத்தைவிடச் சற்று இறங்கியே இருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து 100/60 என்றே அட்டையில் எழுதப்பட்டு வந்தவருக்கு 130/80 என்பது ஏற்றம்தான். பார்வை மங்கல் நீடிக்குமானால் அளவு எதுவாக இருந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

வெயில் என்று சொல்லித் தள்ளிவிடுவது

வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. கத்திரி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வருவதும் புதிதல்ல. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காட்பாடியில் இருக்கும் என் தங்கைக்கு எட்டாம் மாதத்தின் நடுவில், ஒரு மே மாத மதியம், கண் முன்னே வெள்ளிப் பொட்டுகள் பறப்பதுபோல் தெரிந்தன. "வெயில்ல துணி காயப்போட்டல்ல, அதாம்மா" என்று அவளுடைய மாமியார் மோர் கலக்கிக் கொடுத்தார். சாயங்காலம் கண்ணாடிக் கடை ஒன்றுக்குப் போனார்கள். அங்கே பரிசோதித்தவர் பவர் கூடியிருக்கிறது என்று சொல்லி, புதுக் கண்ணாடிக்கு முன்பணமும் வாங்கிக்கொண்டார். கர்ப்பிணி என்பது வயிற்றைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பிரஷர் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குத் தலை பிளப்பதுபோல் வலி எடுத்து, மருத்துவமனையில் பார்த்தபோது 170/110 இருந்தது. வலிப்பு வருவதற்கு முன்பே போய்விட்டதால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் கண்ணாடி இன்றுவரை அவளுக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் பிரசவமான சில வாரங்களில் பார்வை பழையபடி ஆகிவிட்டது.

வெயிலால் வரும் மயக்கத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு பிரித்தறிய முடியும். வெயிலிலோ, நெடுநேரம் நின்றாலோ, சட்டென்று எழுந்தாலோ வருவது கண் இருட்டுவதும் தலை சுற்றுவதும்தான். உட்கார்ந்து அல்லது ஒருக்களித்துப் படுத்து, தண்ணீர் குடித்ததும் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தாலும் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்துவதால் இப்படி ஆகும். இடப்பக்கம் திரும்பியதும் சரியாகிவிடும். ரத்த சோகை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஆனால் படுத்தும் தெளியாத மங்கல், மின்னல்போன்ற ஒளி, கரும்புள்ளி, இரட்டைப் பார்வை ஆகியவற்றில் எதையும் வெயிலின் கணக்கில் எழுதக் கூடாது. காலில் மட்டும் வீக்கம் என்பது கர்ப்பத்தில் இயல்பு. முகமும் கைவிரல்களும் திடீரென்று வீங்கி, மோதிரம் கழற்ற வராமல் போவது இயல்பல்ல. வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தால் அதை வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. கல்லீரல் பாதிக்கப்படும்போது வலி அங்கேதான் வரும்.

108-ஐ அழைத்தபின்

தொலைபேசியில் சுருக்கமாக, "எட்டு மாத கர்ப்பிணி, ஒரு மணி நேரமாகப் பார்வை மங்கியிருக்கிறது, தலைவலி இருக்கிறது, பிரஷர் 160/110" என்று சொன்னாலே எடுப்பவருக்கு அவசரம் புரிந்துவிடும். ஊர்ப் பெயரோடு அருகில் உள்ள பள்ளிக்கூடம், கோயில், பேருந்து நிறுத்தம் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை அவரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அறையில் வெளிச்சத்தையும் கூட்டத்தையும் குறையுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் சாப்பாடு எதுவும் கொடுக்க வேண்டாம். இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்கார வைத்து அழைத்துப்போவதை எந்தச் சூழலிலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வழியில் வலிப்பு வந்தால் பிடிக்க ஆளில்லை.

வலிப்பு வந்தேவிட்டால் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதும் வேண்டாம். இடப்பக்கம் திருப்பி, சுற்றிலும் உள்ள கடினமான பொருட்களை அப்புறப்படுத்தி, தலைக்கு அடியில் மடித்த சேலையை வைத்து, வாயிலிருந்து வழியும் எச்சில் வெளியே வடியும்படி விட்டால் போதும். வலிப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் மாமனார் விழுங்கும் பிரஷர் மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம் மிக ஆபத்தானது. பெரியவர்களுக்குப் பரவலாக எழுதித் தரப்படும் டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவை வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியவை. கர்ப்பிணிகளுக்குத் தருவது லேபிட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற வேறு மருந்துகள். அவற்றையும் அளவு பார்த்து மருத்துவர்தான் தர வேண்டும். தலைவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் கூடாது. பார்லித் தண்ணீரும் முருங்கைக்கீரைச் சூப்பும் உணவாக நல்லவைதான். ஏறிய அழுத்தத்தை இறக்கும் மருந்தாக அவற்றை நம்பிக் காத்திருக்கக் கூடாது. உப்பை அடியோடு நிறுத்தினால் இந்த நோய் வராது என்பதும் தவறான நம்பிக்கை.

எங்கே போவது

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகப் பிரிந்துகிடந்தாலும், கர்ப்பிணிக்குத் தேவையானது ஒன்றுதான்: மகப்பேறு மருத்துவர், மயக்க மருத்துவர், ரத்த வங்கி மூன்றும் இரவு பகல் பாராமல் இருக்கும் இடம். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே சீமாங்க் மையம் என்ற பிரிவு இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்குத் திருவண்ணாமலை செல்லும் சாலையில் அடுக்கம்பாறையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், நகரத்துக்குள்ளேயே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 108 ஊழியர் அருகில் உள்ள வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறேன் என்றால் வாதாட வேண்டாம்; முதல் ஊசி எவ்வளவு சீக்கிரம் போடப்படுகிறது என்பதே இங்கே முக்கியம்.

ஆரணி சாலையில் உள்ள ஷெல் கண் மருத்துவமனை ஊரறிந்த இடம். 1902-ல் பெண்களுக்கான மருத்துவமனையாக ஐடா ஸ்கடர் தொடங்கிய அதே வளாகம்தான் இப்போது கண் மருத்துவத்துக்கு என்று ஆகியிருக்கிறது. கண் என்றதும் ஆட்டோக்காரரும் யோசிக்காமல் அங்கேதான் திருப்புவார். 20 வாரத்தைத் தாண்டிய கர்ப்பிணியானால், ரத்த அழுத்தம் பார்க்காமல் அங்கே கண் பிரிவின் வரிசையில் போய் உட்காராதீர்கள். பிரசவப் பிரிவில் பார்த்து, தேவையென்றால் அவர்களே கண் மருத்துவரை வரவழைப்பார்கள்.

அணைக்கட்டு வட்டத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு போன்ற மலை ஊராட்சிகளில் இருப்பவர்கள் இன்னும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ராத்திரியில் பார்வை மங்கினால் மலையிறங்கவே வெகு நேரமாகும். முந்தைய கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால், இரட்டைக் குழந்தை என்றால், சர்க்கரையோ சிறுநீரக நோயோ இருந்தால், தேதி நெருங்குவதற்கு முன்பே கீழே உறவினர் வீட்டில் வந்து தங்குவது நல்லது. அப்படி ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு மூன்றாம் மாதம் முடிந்ததும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. ரத்தம் நீர்த்துப்போகும் என்று பயந்து அதை வீட்டில் நிறுத்திவிடக் கூடாது.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குடியாத்தத்தில் பதிவு செய்து, ஆரணியில் உள்ள தாய்வீட்டுக்கு வந்தவரின் பழைய ரத்த அழுத்த அளவுகள் புதிய ஊர்ச் செவிலியருக்குத் தெரியாது. சீர்வரிசைத் தட்டுகளை எண்ணி எடுத்துவைக்கிற அக்கறையில் கொஞ்சத்தைத் தாய் சேய் நல அட்டைக்கும் காட்டினால், வந்த வாரத்திலேயே அங்குள்ள நிலையத்தில் காட்டிப் பரிசோதனையைத் தொடரலாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாக மருத்துவர் பரிசோதனை நடக்கிறது. தேதி நினைவில் நிற்க அதுவும் ஒரு வழி.

மருத்துவமனையில் நடப்பது

ரத்த அழுத்தம் திரும்பப் பார்ப்பார்கள். சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின் ஆகியவற்றைச் சோதிப்பார்கள். ஸ்கேன் எடுத்துக் குழந்தையின் நிலையை அறிவார்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் மருந்தை நரம்பிலோ இரு பிட்டங்களிலுமோ ஊசியாகப் போடுவார்கள். அது ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பாகக் கொதிப்பதுபோல் இருக்கும், முகம் சிவக்கும், தூக்கம் வரும். இதை முன்பே தெரிந்துகொண்டால் பயமிருக்காது. செவிலியர் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், சிறுநீரை அளப்பதும் மருந்து அளவு மீறிவிடாமல் இருப்பதற்காகத்தான். இந்த மருந்தே சிலருக்குப் பார்வையைச் சற்று மங்கவைக்கும். ஆகவே ஊசிக்கு முன் இருந்த மங்கல் எது, பின் வந்தது எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பாவையை, அதாவது கருவிழியின் நடுவில் உள்ள துளையை, விரித்து விழித்திரையைப் பார்க்கக்கூடும். அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், அருகில் உள்ள எழுத்து தெரியாது. மூளையில் நீர்க்கோப்போ ரத்தக்கட்டோ இருக்குமோ என்று சந்தேகித்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள், அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. தலைக்கு சி.டி. எடுக்க வேண்டிவந்தாலும் வயிற்றில் உள்ள குழந்தைக்குச் சேரும் கதிர் மிகச் சொற்பம்; பிள்ளைக்கு ஆகாது என்று மறுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் பெரிய ஆபத்து.

இந்த நோய்க்கு முடிவான தீர்வு பிரசவம்தான். எத்தனை வாரம் ஆகியிருக்கிறது, தாய் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுப்பார்கள். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துத் தள்ளிவைக்கச் சொல்லி மருத்துவரை நெருக்காதீர்கள்.

ரத்த அழுத்தம் சரியாக இருந்தால்

அப்போதும் காரணம் தேட வேண்டும். விளிம்பில் பல்வரிசைபோல் நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி, இருபது முப்பது நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் மறைந்து, பிறகு ஒருபக்கத் தலைவலி வந்தால் அது ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியாக இருக்கலாம். முன்பே அப்படி வந்து பழகியவராக இருந்தாலும், கர்ப்பத்தில் முதல்முறை வரும்போது ரத்த அழுத்தம் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரக் கூடாது.

ஒரு கண்ணில் திரை இறங்குவதுபோல் மறைவதும், புதிதாகப் பூச்சிகள் கூட்டமாகப் பறப்பதும், ஓரத்தில் ஒளி மின்னுவதும் விழித்திரை விலகலுக்கான அடையாளங்கள். கிட்டப்பார்வைக்கு அதிக பவர் அணிபவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். இங்கேதான், ரத்த அழுத்தம் சரியென்று உறுதியானபின், நேராகக் கண் மருத்துவமனைக்கு அன்றே போவது பொருத்தம். அதிக பவர் உள்ளவர்கள் சுகப்பிரசவத்தில் முக்கினால் விழித்திரை பிய்ந்துவிடும் என்ற பேச்சு ஊரில் உலவுகிறது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை.

கண்ணை அசைத்தால் வலியும், ஒரு கண்ணில் நிறங்கள் வெளிறித் தெரிவதும் பார்வை நரம்பு வீக்கத்தைக் காட்டலாம். குனிந்து நிமிரும்போது சில நொடி பார்வை மறைந்து, காதில் நாடித்துடிப்பு கேட்பதுபோல் இருந்தால் மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடியிருக்கலாம். இரண்டு பக்க ஓரங்களும் தெரியாமல் குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆனால் பிட்யூட்டரி சுரப்பியைப் பரிசோதிக்க வேண்டும்.

கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு விழித்திரை நோய் இந்த மாதங்களில் விரைந்து முற்றக்கூடும். முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறையும், அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் பாவையை விரித்துப் பார்த்துவிட வேண்டும். கர்ப்பத்தில் புதிதாகச் சர்க்கரை ஏறியவர்களுக்குப் பொதுவாக இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குச் சர்க்கரை ஏறி இறங்குவதால் வரும் தற்காலிக மங்கல்தான் அதிகம்.

ஐந்தாம் மாதத்துக்கு முன்பே வரும் மங்கலுக்குக் கணக்கு வேறு. வாரக்கணக்கில் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்த பெண்ணுக்கு இரட்டைப் பார்வையும் நடையில் தள்ளாட்டமும் வந்தால், வைட்டமின் பி1 குறைந்து மூளை பாதிக்கப்படுவதன் அடையாளமாக அது இருக்கலாம். மசக்கைதான், மூன்று மாதம் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. அவசரத்துக்கு குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளப் போகும்போது எத்தனை வாரமாகச் சாப்பாடு தங்கவில்லை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். அந்த வைட்டமினைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது நிலைமையை மோசமாக்கும். அரிதாக, கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு முத்து முத்தாகப் பெருகும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்துக்கு முன்பே ரத்த அழுத்தம் ஏறுவதும் உண்டு.

மாலையில் மட்டும் கண் தெரியவில்லை என்றால் அது மாலைக்கண். வைட்டமின் ஏ குறைவால் மெல்ல மெல்ல வருவது. பப்பாளிப் பயமும் மாத்திரை மோகமும் சேர்ந்து நிலவும் நம் வீடுகளில் இதற்குப் பெரிய அளவு வைட்டமின் ஏ மாத்திரையைத் தாங்களே வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் அது கருவின் உறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். கீரை, கேரட், முட்டை, பால் என்று உணவில் சேர்த்துக்கொண்டு, மாத்திரையை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இயல்பான மாற்றங்கள்

உடலில் நீர் சேர்வதால் கருவிழி சற்றுத் தடித்து, பவர் கொஞ்சம் மாறலாம். கண் உலர்ந்து உறுத்தலாம். கான்டாக்ட் லென்ஸ் பொருந்தாமல் போகலாம். இவை மெதுவாக வருபவை, ஆபத்தில்லாதவை. லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு மாறுங்கள். புதுக் கண்ணாடியைப் பிரசவமாகி ஆறு வாரமாவது கழித்து எழுதிக்கொள்ளுங்கள். உறுத்தலுக்கு நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைப்பதில் குளிர்ச்சி உண்டு என்பார்கள். அதைக் கசக்கிச் சாற்றைக் கண்ணுக்குள் விடுவதும், தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ ஊற்றுவதும் கிருமித்தொற்றை வரவழைக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மருத்துவர் எழுதிய மருந்தை விடும்போதும், மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து உடலுக்குள் சேர்வது குறையும்.

பிரசவத்துக்குப் பிறகு

பிள்ளை பிறந்ததோடு ஆபத்து முடிந்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் நினைக்கும் நேரத்திலும் இந்த நோய் புதிதாகத் தலைகாட்டக்கூடும். முதல் ஒரு வாரம் மிகுந்த கவனம் தேவை. ஆறு வாரம்வரை எச்சரிக்கை தேவை. கர்ப்பம் முழுவதும் ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தவருக்கும் இது வரலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தலைவலியும் மங்கலும் என்றால் காற்று பட்டுவிட்டது என்று சொல்லித் தலையில் துணி கட்டிப் படுக்கவைக்காமல், மறுபடியும் பட்டையைக் கையில் கட்டுங்கள்.

இதே காலத்தில் மூளையின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைவதும் அதிகம். விடாத தலைவலி, வாந்தி, மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு என்று அது வெளிப்படும். பத்தியம் என்ற பெயரில் பிரசவித்தவருக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கம் உடலை வறளவைத்து ரத்தத்தை இன்னும் கெட்டியாக்குகிறது. மருந்துக் குழம்பும் பூண்டும் இருக்கட்டும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க மறுக்காதீர்கள்.

பெரும்பாலானவர்களுக்குப் பார்வை நாட்களிலோ வாரங்களிலோ திரும்பிவிடும். அதுவரை குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்குவதும், அடுப்பருகே நிற்பதும் வேண்டாம். கட்டிலில் உட்கார்ந்தோ ஒருக்களித்துப் படுத்தோ, பக்கத்தில் ஒருவர் இருக்கப் பால் கொடுக்கலாம். மாத்திரைப் பட்டைகளைக் காலை, இரவு என்று தனித்தனி டப்பாவில் போட்டு, ஒரு டப்பாவின் மேல் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால், எழுத்து தெரியாவிட்டாலும் கை அடையாளம் கண்டுகொள்ளும். மருத்துவமனை எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையைப் பார்வை தெளிந்த அன்றே நிறுத்தாமல், ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போகும்போது குழந்தையின் தடுப்பூசிச் சீட்டோடு தாயின் அட்டையையும் எடுத்துப் போய், ரத்த அழுத்தமும் விழித்திரையும் சரியாகிவிட்டனவா என்று பார்த்துவிட்டு, எப்போது நிறுத்துவது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.